ஆங்கில உடையில் தமிழ்ப் புதினங்கள்

பழந்தமிழ் நூல்கள் செல்லுக்கும் தீக்கும் ஆற்றுப் பெருக்குக்கும் இரையாகி மறைந்த வரலாற்றை நாம் பலகாலும் பேசி வருகிறோம். சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டில் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றாமல் இருந்திருந்தால் நம் இலக்கியத்தின் நிலை என்னாகியிருக்கும் என்று எண்ணி வியக்கிறோம். ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏறிவிட்டால் ஒரு நூலுக்கு இனி அழிவில்லை என்பதே நம்மில் பலருடைய நம்பிக்கை. ஆனால் அச்சேறிய நூலும் மறையும். ஐந்நூறு படிகள் அச்சிட்டு, அவற்றுள் பாதி நண்பர்களுக்கு அன்பளிப்பாகப் போய், எஞ்சியவை பரணில் கிடந்து பொடியாகும் நூல் சுவடியினும் விரைவில் மறையக்கூடும். பனையோலை இருநூறு முந்நூறு ஆண்டுகள் தாங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிதும் வழங்கிய மலிவுத் தாளோ நூறாண்டுக்குள் பழுப்பேறி, தொட்டால் ஒடியும் நிலைக்கு வந்துவிடுகிறது.

அவ்வாறு மறதியில் ஆழ்ந்த நூல்களுள் ஒரு தனி வகையைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகிறோம். தமிழர் ஆங்கிலத்தில் எழுதிய தொடக்ககாலப் புதினங்களே அவை.

இந்தியர் ஆங்கிலத்தில் எழுதிய புதினங்களின் வரலாறு 1935இல் தொடங்கியது போன்ற ஒரு தோற்றம் பொதுமக்களிடையே உண்டு. அவ்வாண்டில்தான் ஆர். கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ வெளிவந்தது. முல்க்ராஜ் ஆனந்தின் ‘தீண்டத்தகாதவன்’ வெளிவந்ததும் அவ்வாண்டிலேதான். 1938இல் ராஜா ராவின் ‘காந்தபுரம்’ வந்தது. இம்மூவரும் பெரும்புகழ் பெற்றதனால் இவர்களுக்கு முன்னே நடந்தவர்களின் அடிச்சுவடுகள் அழிந்தன. உண்மையில், பங்கிம் சந்திரர் 1864இலேயே ஆங்கிலத்தில் ஒரு புதினம் எழுதத் தொடங்கி வெளியிட்டுள்ளார். தென்னாட்டில் கிருபாபாய் சத்தியநாதன் என்னும் அம்மையார் ‘சுகுணா’, ‘கமலா’ ஆகிய இரு புதினங்களை எழுதிவிட்டு 1894இல் இளவயதிலேயே மறைந்தார். தி. இராமகிருஷ்ண பிள்ளையின் ‘பத்மினி’ 1903இல் இலண்டனில் அச்சாயிற்று. காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்த கா. சீ. வேங்கடரமணி 1927இல் ‘முருகன் ஓர் உழவன்’ என்னும் புதினத்தையும், 1932இல் ‘தேசபக்தன் கந்தன்’ என்னும் புதினத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர் இவை தமிழ் வடிவமும் பெற்றன. ‘கமலாம்பாள் சரித்திரம்’ தந்த ராஜமையர்கூட, தாம் ஆசிரியராக இருந்த ‘பிரபுத்த பாரதம்’ இதழில் ஓர் ஆங்கிலப் புதினத்தைத் தொடராக எழுதிவந்து, அது முடிவதற்குள் 1898இல் தம் இருபத்தாறாம் வயதில் காலமானார். கமலாம்பாளை அறிந்தோர் பல்லாயிரவர். அந்த ஆங்கிலக் கதையை அறிந்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவர்கள் அனைவருள்ளும் நம் கருத்தை மிகுதியாக ஈர்ப்பவர் அ. மாதவையா ஆவார். தமிழ்ப் புதின வரலாற்றில் வேதநாயகம் பிள்ளை, ராஜமையர் ஆகியோருக்கு அடுத்து வைத்து எண்ணப்படுபவர் இவர். 1872ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளம் என்னும் ஊரில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்று, அரசாங்கத்தின் உப்பு, ஆப்காரி இலாகாவில் பணியேற்றவர். பகலெல்லாம் உப்பளங்களையும் கள்ளுக்கடைக் கணக்குகளையும் மேற்பார்க்கும் வேலை. ஊர் ஊராக மாற்றம். இவற்றுக்கிடையேதான் அவர் எழுதினார். கோப்புகளுக்கு நடுவே வாழ்நாளைக் கழிக்கும் எம்மைப் போன்ற அரசு எழுத்தர்களுக்கு இச்செய்தி ஒன்றே பெரியதோர் ஊக்கம் தருவதாகும். எழுத நேரமில்லை என்று சொல்லும் உரிமையை மாதவையா நம்மிடமிருந்து பறித்துவிடுகிறார்.

அவருடைய வாழ்வில் 1903ஆம் ஆண்டைச் சிறப்பாகக் குறித்துக்கொள்ளல் வேண்டும். 1892இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராகத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன ‘சாவித்திரி சரித்திரம்’ அவ்வாண்டில் ‘முத்துமீனாட்சி’ என்னும் பெயரில் முழு நூலாயிற்று. ‘விஜயமார்த்தாண்டம்’ என்னும் தமிழ்ப் புதினமும் அவ்வாண்டிலேயே வந்தது. அதே 1903இல் ‘தில்லை கோவிந்தன்’ என்னும் ஆங்கிலப் புதினமும் சென்னையில் வெளிவந்தது. அதன் முகப்பில் மாதவையாவின் பெயர் இல்லை. இறந்துபோன ஒருவரின் தன்வரலாற்றைப் ‘பம்பா’ என்பவர் பதிப்பித்திருப்பதாகவே நூல் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. ஒரே ஆண்டில், ஒரே பேனாவிலிருந்து, இரு மொழிகளில் பிறந்த நூல்கள் இவை. தமிழ் நூல்கள் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றன, பாடத்திட்டங்களில் நுழைந்தன. ஆங்கில நூல் 1916இல் இலண்டனில் மறுபடி அச்சாகிச் சிறிது காலம் பேசப்பட்டுப் பின் மறைந்தது.

அதன்பின் ‘சத்தியானந்தா’ 1909இலும், ‘கிளாரிந்தா’ 1915இலும் ஆங்கிலத்தில் வந்தன. இவற்றுள் ‘சத்தியானந்தா’ அச்சானது நம் பெங்களூரில், மைசூர் ரெவ்யூ அச்சகத்தில் என்பது நம் சங்கத்தார் மகிழ்ந்து நினைக்கத்தக்க செய்தி. மிதிக் சொசைட்டி என்னும் ஆராய்ச்சிக் கழகம் இந்நகரில் தோன்றியதும் அதே 1909இல்தான். தண்டு என்று நம் முன்னோர் வழங்கிய இராணுவக் குடியிருப்பில் தமிழ் ஒலித்த அந்நாளில், திருநெல்வேலித் தமிழர் ஒருவரின் ஆங்கிலப் புதினம் இந்நகரத்து அச்சுக்கூடத்தில் கோக்கப்பட்டது. இன்று இந்நகரில் அந்நூலின் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இந்நூல்கள் ஏன் மறக்கப்பட்டன? தரமின்மையே காரணம் என்பார் உளர். குறைகள் இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. கதையை நிறுத்திவிட்டுச் சீர்திருத்தச் சொற்பொழிவு செய்யும் பழக்கம் அக்காலப் புதின ஆசிரியர் பலருக்கும் போலவே மாதவையாவுக்கும் உண்டு. ஆயினும், அதே பழக்கம் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் மிகுதியாக இருந்தும் அந்நூலை நாம் மறக்கவில்லையே! 1879இல் வெளிவந்த அதனைத் தமிழின் முதற் புதினம் என்று போற்றி, பதிப்பின்மேல் பதிப்பாக அச்சிட்டு வருகிறோம். எனவே தரம் மட்டுமே காரணமாகாது.

உண்மைக் காரணம் வேறு. இந்நூல்கள் எவருடைய அலமாரிக்கும் உரியவையாக இல்லை. ஆங்கிலப் பேராசிரியர்க்கு நெடுங்காலம் ஆங்கில இலக்கியம் என்பது ஆங்கிலேயர் எழுதியது மட்டுமே. தமிழ்ப் பேராசிரியர்க்கோ தமிழில் எழுதியது மட்டுமே தமிழ் இலக்கியம். இருவர் வகுத்த எல்லையும் அவரவர் அளவில் நியாயமானதே. ஆனால் இரண்டு எல்லைகளுக்கும் இடையே ஒரு பாட்டம் நிலம் பட்டா இல்லாமல் கிடந்தது. புறம்போக்கு நிலத்தில் முள் மண்டுவது இயல்புதானே. நூலகங்களிலும் இதுவே நடந்தது. மாதவையாவின் ஒரு பாதி தமிழ்ப் பிரிவிலும் மறுபாதி வேறொரு தளத்திலும் வைக்கப்பட்டன. ஒன்றைத் தேடி வந்தவர் மற்றதைக் காணவில்லை.

இதனால் நேர்ந்த இழப்பு என்ன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘பத்மாவதி சரித்திர’த்தையும் ‘முத்துமீனாட்சி’யையும் படித்தவர், பெண் கல்விக்காகவும் இளம் விதவைகளின் மறுமணத்துக்காகவும் வாதாடிய மாதவையாவை அறிவர். ‘தில்லை கோவிந்த’னில் இருப்பவர் மற்றொரு மாதவையா. கிராமத்து அந்தணச் சிறுவன் ஒருவன் ஆங்கிலக் கல்விக்காகச் சென்னைக்கு வருகிறான். படிக்கப் படிக்க அவனது பழைய நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. அவற்றின் இடத்தில் வைக்க வேறொன்றும் கிடைக்காமல் தவிக்கிறான். அரசாங்க அலுவலில் சேர்ந்து அங்குள்ள ஊழலையும் காண்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படித்த தமிழ் இளைஞனின் மனத்துக்குள்ளே நிகழ்ந்த போராட்டத்தை அவன் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு வேறு எத்தனை நூல்களில் நமக்குக் கிடைக்கும்? அக்காலத்து அரசாணைகள் உள்ளன; கல்வெட்டுகளும் அறிக்கைகளும் உள்ளன. அவற்றில் மனம் பதிவாவதில்லை. அம்மனத்தின் ஆவணம் ஆங்கிலத்தில் இருப்பதனாலேயே அது நம்முடையதன்று என்று ஒதுக்கினால், நம் பாட்டனாரின் உயிலை, அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டதென்று சொல்லிக் கிழித்துப் போட்டவர்களாவோம்.

‘கிளாரிந்தா’வின் கதை இதனினும் வியப்பானது. இது வரலாற்றுப் புதினம். தஞ்சையைச் சேர்ந்த மராட்டிய அந்தணப் பெண் ஒருத்தி கணவன் இறந்ததும் உடன்கட்டை ஏற்றப்படும் நிலையில், லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அவளைக் காப்பாற்றினார். பின்னர் அவருடனேயே அவள் பாளையங்கோட்டையில் வாழ்ந்தாள். கிறித்தவ சமயத்தில் சேர விரும்பி ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் அவள் வேண்டியபோது, மணமின்றி அதிகாரியுடன் வாழ்ந்ததனால் அவர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபின் 1778இல் திருமுழுக்குப் பெற்றாள். அவள் முயற்சியால் பாளையங்கோட்டையில் எழுந்த ஆலயம் 1785இல் ஷ்வார்ட்ஸால் அர்ப்பணம் செய்யப்பட்டது. ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்றே மக்கள் அதனை வழங்கினர். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறே இவ்வம்மையாரிடமிருந்து தொடங்குகிறது எனலாம்.

இவ்வரலாற்றைப் புதினமாக்கிய மாதவையா கிறித்தவர் அல்லர். மதமாற்றத்துக்காக வாதாடும் நோக்கமோ, அதனை எதிர்க்கும் நோக்கமோ அவருக்கு இல்லை. ஊரும் உறவும் கைவிட்ட ஒரு பெண், தன் அறிவாலும் அறச்செயலாலும் எழுந்து நின்றதே அவரை ஈர்த்தது. தஞ்சையும் பாளையங்கோட்டையும் களமாக, மராட்டியரும் தமிழரும் ஆங்கிலேயரும் ஜெர்மானியப் பாதிரியாரும் மாந்தராக, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்பாண்டி நாடு முழுவதும் அதில் உலவுகிறது. இதனைத் தமிழ் மண்ணின் கதையன்று என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

எனினும் இது தமிழாக எவ்வளவு காலமாயிற்று என்று பாருங்கள். ‘தில்லை கோவிந்தன்’ வே. நாராயணனின் மொழிபெயர்ப்பில் 1944இல் தமிழுக்கு வந்தது. இடைப்பட்டவை 41 ஆண்டுகள். ‘கிளாரிந்தா’வைச் சரோஜினி பாக்கியமுத்து தமிழாக்கி, அது 1976இல் வெளிவந்தது. இடைப்பட்டவை 61 ஆண்டுகள். பின்னர் 2005இல் சாகித்திய அகாதெமி, லட்சுமி ஹோம்ஸ்ட்ராமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘கிளாரிந்தா’வின் ஆங்கில மூலத்தை மறுபதிப்பாக வெளியிட்டது. அந்த ஆண்டிலேயே சீதா அனந்தராமன், வசந்தா சூரியா ஆகிய இருவரும் மாதவையாவின் வாழ்க்கை வரலாற்றையும் ‘முத்துமீனாட்சி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒரே நூலாகத் தந்தனர். தமிழில் இராஜ் கௌதமன் மாதவையாவைப் பற்றித் தனி ஆய்வு நூல் எழுதினார். ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்று தனித்தனியே கைகொடுத்ததனால்தான் இந்த அளவேனும் மீட்சி கிட்டியது.

மேலைநாட்டாரும் தம் நூல்களை இப்படித்தான் மறக்கிறார்கள். ஆனால் தேடவும் செய்கிறார்கள். இராபர்ட் டிரெசல் என்பவர் வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்த தொழிலாளி. தொழிலாளர் வாழ்வைப் பற்றிப் பெரும் புதினம் ஒன்றை எழுதி வைத்துவிட்டு 1911இல் இறந்தார். அவர் மகளின் முயற்சியால் 1914இல் அது சுருக்கப் பதிப்பாக வந்தது. முழு நூல் வெளிவந்தது 1955இல்தான். இன்று அது ஆங்கிலத் தொழிலாளர் இலக்கியத்தின் முதன்மை நூல்களுள் ஒன்று. இலண்டனில் 1973இல் தோன்றிய விராகோ பதிப்பகம், பெண்பாற் புதின ஆசிரியர்களின் மறந்துபோன நூல்களைத் தேடி எடுத்து 1978 முதல் வரிசையாக வெளியிட்டது. பழைய புத்தகக் கடைகளிலும் நூலக மூலைகளிலும் கிடந்தவை பல்கலைக்கழகப் பாடங்களாக உயர்ந்தன. வாசகர் சிலர் ஒன்றுகூடித் தேடினால் இலக்கிய வரலாறே மாறும் என்பதற்கு இது சான்று.

நமக்கு அத்தகைய தேட்டத்துக்கு வழியுண்டா? உண்டு. அவ்வழியை அமைத்துத் தந்தது பழைய அரசாங்கக் காகித வேலையே என்று சொல்ல எமக்குச் சற்றுப் பெருமிதமாகவும் இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம், அச்சிட்ட ஒவ்வொரு நூலின் படியையும் அரசுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு வந்த நூல்களின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை முதலியவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலாக வெளியிடப்பட்டன. மக்களின் எழுத்தைக் கண்காணிக்க அன்னிய அரசு செய்த ஏற்பாடு அது. ஆயினும் பெயரறியாத எழுத்தர்கள் பொறுமையுடன் எழுதிவைத்த அப்பதிவுகளே, மறைந்த நூல்களை இன்று தேடுவோர்க்குக் கைவிளக்கு. விடுதலைக்குப் பின் 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் முதலியவற்றுக்கு நூல்கள் சேர வழிசெய்தது. 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தனியொருவர் திரட்டிய செல்வத்தைப் பொதுச் சொத்தாக்கியது. இன்றோ பழைய நூல்கள் பல மின்படிகளாக மாற்றப்பட்டு, வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. உ. வே. சா. மாட்டு வண்டியிலும் இரயிலிலும் ஊர் ஊராக அலைந்து தேடியதை எண்ணினால், நம் பணி எத்துணை எளிது!

பதிப்புரிமையும் இன்று தடையில்லை. ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை உரிமை நிற்கும் என்பது நம் நாட்டுச் சட்டம். மாதவையா மறைந்தது 1925இல். வேங்கடரமணி மறைந்தது 1952இல். ஆகவே இவர்கள் தம் வாழ்நாளில் வெளியிட்ட மூல நூல்கள் இன்று பொதுவுடைமை. மொழிபெயர்த்தவர்களின் உரிமை வேறாதலால் அதனை மட்டும் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

மாதவையாவின் குடும்பத்தில் ஆங்கிலப் புதின மரபு அவரோடு நிற்கவில்லை. அவருடைய மகன் மா. அனந்தநாராயணன் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கியவர். 1961இல் ‘வெள்ளி யாத்திரை’ எனப் பொருள்படும் ஆங்கிலப் புதினம் ஒன்றை வெளியிட்டார். அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் அந்நூலைப் பற்றிய செய்தியைக் கண்டு, நூலைத் தவறவிட்டேன், பெயரைப் படித்தேன் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, அந்த நீண்ட பெயரின் ஒலியழகைப் பற்றியே ஒரு வேடிக்கைக் கவிதை புனைந்தார். எங்கோ இருந்த அமெரிக்கர் அவ்வாறு எழுதியது விளையாட்டு. நாமும் தந்தையையும் மகனையும் பெயரளவில் மட்டுமே அறிந்து நிற்போமாயின், அதனை விளையாட்டு என்று தள்ளிவிட இயலாது.

ஆங்கிலத்தில் எழுதியவரைத் தமிழ்ச் சங்கம் ஏன் போற்ற வேண்டும் என்று சில அன்பர்கள் வினவக்கூடும். மொழிப்பற்றால் எழும் அவ்வினாவை நாம் மதிக்கிறோம். மாதவையாவின் இறுதி நாளே அதற்கு விடை பகரும். 1925ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சி மன்றக் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கல் வேண்டும் என்று வாதாடி உரையாற்றியபோதே அவர் மயங்கி வீழ்ந்து உயிர்நீத்தார். ஓய்வுக்குப்பின் தம் பொருளைச் செலவிட்டு 1924இல் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் தமிழ்த் திங்களிதழைத் தொடங்கி நடத்தியவரும் அவரே. அவர் ஆங்கிலத்தில் எழுதியதற்குத் தமிழின்மீது அன்பின்மை காரணமன்று. ஆளவந்தவர்கள் காதில் தமிழர் வாழ்வை அவர்களுக்குப் புரியும் மொழியிலேயே சொல்ல அவர் விரும்பினார் என்று கொள்வதே பொருந்தும்.

இவ்விடத்தில் பெங்களூர்த் தமிழராகிய நமக்குத் தனிப்பொறுப்பு ஒன்று உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் கற்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறுகின்றனர். ‘பத்மாவதி சரித்திர’த்தை அவர்கள் கையில் கொடுத்தால் இரண்டு பக்கத்துக்குமேல் நகரமாட்டார்கள். ‘கிளாரிந்தா’வையோ ‘தில்லை கோவிந்த’னையோ கொடுத்துப் பாருங்கள். அவர்கள் அறிந்த மொழியில், அவர்கள் அறியாத தம் முன்னோரின் ஊரும் உறவும் வழக்கும் வழக்காறும் அவர்கள்முன் விரியும். இவ்வளவும் நம்மவர் கதையா என்னும் வினா ஒருமுறை எழுந்துவிட்டால், அடுத்துத் தமிழ் எழுத்தைத் தேடி வருதல் அரிதன்று. தாய்வீட்டுக்குத் தலைவாயில் வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. கொல்லைப்புற வழியாக வரும் குழந்தையையும் தாய் வாரி அணைத்துக்கொள்வாள்.

ஆகவே, 1950 முதல் இந்நகரில் தமிழ் வளர்த்துவரும் நம் சங்கத்தார்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். சங்க நூலகத்தில் மாதவையா, வேங்கடரமணி, கிருபாபாய், இராமகிருஷ்ண பிள்ளை ஆகியோரின் ஆங்கில நூல்களும், அவற்றின் தமிழாக்கங்களும் அருகருகே ஒரே அடுக்கில் அமைதல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு நூலை எடுத்துக்கொண்டு முதியோரும் இளைஞரும் ஒன்றாகப் படித்து உரையாடும் கூட்டம் ஒன்று நிகழ்தல் வேண்டும். அவ்வரிசையில் முதலாவதாக எடுக்கத்தக்கது, இந்நகரத்திலேயே 1909இல் அச்சேறிய ‘சத்தியானந்தா’ என்பது எம் கருத்து. இந்நகரம் அந்நூலுக்குப் பிறந்த ஊர். பிறந்த ஊரிலேயே அதனைத் தெரிந்தவர் இல்லை என்னும் பழி இனியேனும் நீங்குக.